கண்ணைக் காக்கும் இமை

நுழையும்முன்

பிள்ளையைப் பேணும் தாயையும், நட்பைப் பேணும் நண்பரையும் ‘கண்ணை இமை காப்பதுபோல் காப்பவர்’ என்று கூறுவது தமிழர் வழக்கு. உவமையாக நாவில் பழகிவிட்ட அந்த இமை, உடலுறுப்பாக எவ்வாறு பணிசெய்கிறது? அப்பணி தடைப்பட்டால் கண்ணுக்கு என்ன நேரும்? இழந்த இமைப்பை மீட்டுத் தர மருத்துவம் என்ன செய்தது? தோல் தொழில் செழித்த மேல்விஷாரம், வேலூர் வட்டாரத்தின் வாழ்வோடு இணைத்து இவ்வினாக்களுக்கு விடை தருகிறது இப்பாடம்.

மொழியில் வாழும் இமை

‘இமை’ என்னும் சொல் தமிழில் உறுப்பின் பெயராகவும், இமைத்தல் என்னும் வினைக்கு அடியாகவும் நிற்கிறது. எழுத்தொலியின் கால அளவாகிய மாத்திரையை வரையறுக்க முற்பட்ட தொல்காப்பியர், கண் இமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் அளவுகோலாகக் கொண்டார். கருவி எதுவுமின்றி, தம் உடலைக்கொண்டே எவரும் அறியத்தக்க சிறுபொழுது அது. கண் இமைக்காதவர் என்னும் பொருளில் தேவரை ‘இமையவர்’ என்றும் ‘இமையோர்’ என்றும் முன்னோர் அழைத்தனர். அவ்வாறாயின், மனிதர் இமைப்பவர். இமைத்தல் மனித உடலின் குறையன்று. கண் உயிர்ப்புடன் இருப்பதற்கான தேவை. இதை உடலியல் தெளிவாக விளக்குகிறது.

தோலின் ஊரும் மெல்லிய தோலும்

பாலாற்றங்கரைப் பகுதியில், சென்னையையும் பெங்களூருவையும் இணைக்கும் நெடுஞ்சாலையில், ஆர்க்காட்டுக்கும் வேலூருக்கும் இடையே அமைந்த ஊர் மேல்விஷாரம். 2019ஆம் ஆண்டு வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபின் இவ்வூர் இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சார்ந்தது. இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களைப்போலவே தோல் பதனிடுதலும் காலணி உற்பத்தியும் இவ்வூர் மக்களின் வாழ்வாதாரத் தொழில்கள். ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் ஆகியவற்றின் தடிப்பை விரலால் தொட்டே மதிப்பிடும் தொழிலாளர்கள் இங்கு உள்ளனர்.

மனித உடலில் மிக மெல்லிய தோல் இமையின் தோலே. அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதனடியில் கொழுப்பு ஏறக்குறைய இல்லை. அதனாலேயே அது தடையின்றி மடிந்து விரிகிறது. அழுதாலும் உறக்கம் குன்றினாலும் முதலில் வீங்குவதும் அதுவே.

இமையை வெளியிலிருந்து உள்நோக்கி நான்கு அடுக்குகளாகக் காணலாம். முதலாவது தோல். இரண்டாவது, கண்ணைச் சுற்றி வளையம்போல் அமைந்த தசை. மூன்றாவது, இமைக்கு உருவமும் உறுதியும் தரும் இமைத்தட்டு. நான்காவது, விழியோடு உராயும் ஈரமான இமையிணைப்படலம். இமைத்தட்டினுள் எண்ணெய் சுரக்கும் நுண்சுரப்பிகள் வரிசையாக உள்ளன. மேலிமையில் ஏறத்தாழ 30 சுரப்பிகளும் கீழிமையில் சற்றுக் குறைவாகவும் இருக்கும். இவற்றை 1666ஆம் ஆண்டு விரிவாக விளக்கிய ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் மெய்போமின் பெயராலேயே இவை மெய்போமியன் சுரப்பிகள் எனப்படுகின்றன.

இமையைத் திறக்கும் தசையும் மூடும் தசையும் வேறு வேறு. அவற்றை இயக்கும் நரம்புகளும் வேறு வேறு. மேலிமையை உயர்த்தும் தசையை மூன்றாவது மூளை நரம்பு இயக்குகிறது. கண்ணை மூடும் வளையத்தசையை ஏழாவது மூளை நரம்பாகிய முகநரம்பு இயக்குகிறது. ஒரு நரம்பு பழுதுபட்டால் மற்றது தன் பணியைத் தொடரும். திறந்த கண் மூடாமலும், மூடிய கண் திறவாமலும் போவதற்குரிய காரணம் இவ்வேறுபாட்டில் அடங்கியுள்ளது.

ஓர் இமைப்பில் நிகழ்வன

விழித்திருக்கும் மனிதர் ஒரு நிமிடத்திற்கு 15 முதல் 20 முறை இமைக்கின்றனர். நிமிடத்திற்கு 15 முறை என்று கொண்டாலும், 16 மணி நேரத்தில் இமைப்புகளின் எண்ணிக்கை 14,400 ஆகும். ஒவ்வோர் இமைப்பும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு முதல் நான்கு பங்கு வரையிலான நேரத்தில் முடிந்துவிடுகிறது.

கண்ணின் முன்புறத்தில் கண்ணாடிபோல் தெளிந்திருப்பது கருவிழிப்படலம். அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. இருந்தால் ஒளி தடைப்படும். எனவே தனக்கு வேண்டிய உயிர்வளியைக் கண்ணீரின் வழியே காற்றிலிருந்து பெறுகிறது. உறங்கும்போது இமையின் உட்புற இரத்தக் குழாய்கள் அதனை வழங்குகின்றன. ஆகவே கருவிழியைப் போர்த்தியிருக்கும் கண்ணீர்ப்படலம் உலராமல் இருப்பது இன்றியமையாதது.

அப்படலம் வெறும் நீரன்று. கண்ணின் மேற்பரப்பில் நீரைப் படியச் செய்யும் கோழைப்பொருள், கண்ணீர்ச் சுரப்பி தரும் நீர், அந்நீர் ஆவியாகாமல் தடுக்கும் எண்ணெய் என அது மூன்று கூறுகளால் ஆனது. ஒவ்வோர் இமைப்பும் மெய்போமியன் சுரப்பிகளை அழுத்தி எண்ணெயை வெளிப்படுத்துகிறது, கண்ணீரைச் சீராகப் பரப்புகிறது, தூசியைக் கழுவுகிறது. இமை வெளியோரத்திலிருந்து மூக்கை நோக்கி மூடுவதால், பழைய கண்ணீர் இமையின் உள்மூலையிலுள்ள நுண்துளைகளுக்குத் தள்ளப்பட்டு மூக்கினுள் வடிகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவதும், கண்ணில் விட்ட மருந்தின் கசப்பு தொண்டையில் தெரிவதும் இவ்வழியினால்தான்.

நூலையோ திரையையோ உற்று நோக்கும்போது இமைப்பு குறைகிறது. காலணியின் மேற்பகுதியை இயந்திரத்தில் தைப்பவர் ஊசிமுனையிலிருந்து பார்வையை எடுப்பதில்லை. தேர்வுக்குப் படிக்கும் மாணவரும் கைப்பேசியைப் பார்ப்பவரும் அவ்வாறே. கண் எரிச்சல், உறுத்தல், மங்கல் ஆகியவை இவர்களுக்கு அடிக்கடி தோன்றும். இடையிடையே தொலைவில் பார்ப்பதும், இமைகள் முழுமையாகப் பொருந்துமாறு சில முறை இமைப்பதும் எளிய தீர்வுகள்.

தொழிற்கூடத்தில் இமை

பதனிடும் தொழிலில் தோலிலுள்ள உரோமத்தை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும், அடுத்த நிலையில் உப்பும் கந்தக அமிலமும், பின்னர் குரோமியம் உப்பும் பயன்படுத்தப்படுகின்றன. முன்னாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டனர். உலர்ந்த தோலைத் தேய்த்து மென்மையாக்கும் இடத்தில் நுண்தூசி பறக்கும்.

தூசி அணுகியவுடன் இமை தானே மூடிக்கொள்ளும். ஆயினும் தெறிக்கும் நீர்மத்தை அது முழுமையாகத் தடுக்க இயலாது. அமிலத்தைவிடச் சுண்ணாம்பு போன்ற காரப்பொருளால் கண்ணுக்குத் தீங்கு மிகுதி. அமிலம் பட்ட இடத்தில் திசுவின் புரதம் உறைந்து ஓரளவு தடையாகிறது; காரமோ திசுவைக் கரைத்துக்கொண்டு ஆழமாக ஊடுருவுகிறது. அத்தகைய வேளையில் மருத்துவமனைக்குச் செல்லும்வரை காத்திராமல், அந்த இடத்திலேயே தூய நீரால் குறைந்தது 15 நிமிடம் கண்ணைத் தொடர்ந்து கழுவ வேண்டும். உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். மேலிமையின் உட்புறத்தில் ஒட்டிய சுண்ணாம்புத் துகள் அங்கேயே தங்கிக் கண்ணை அரித்துக்கொண்டிருக்கும். ஆகவே மருத்துவர் இமையைப் புரட்டிப் பார்த்துத் துகள்களை அகற்றுவார்.

இமைத்தோல் மெல்லியதாதலால் ஒவ்வாமையையும் அது விரைவில் காட்டும். குரோமியம் கலந்த நீரில் பழகிய கையால் கண்ணைக் கசக்கினால், தடித்த உள்ளங்கைத் தோலில் தோன்றாத அரிப்பும் தடிப்பும் இமையில் தோன்றக்கூடும். தலைமுடிச் சாயம், நகப்பூச்சு ஆகியவற்றால் வரும் ஒவ்வாமையும் இத்தகையதே. காப்புக் கண்ணாடி அணிவதும், கழுவாத கையால் கண்ணைத் தொடாதிருப்பதும் எளிய பாதுகாப்புகள்.

கண்ணுக்கு மையும் சுர்மாவும் இடும் வழக்கம் இப்பகுதியில் தொன்மையானது. சில வகைச் சுர்மாவில் ஈயச் சேர்மம் உண்டு. ஈயம் உடலில் சேர்ந்தால் குறிப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஒரே கோலைப் பலர் பயன்படுத்தினால் தொற்றும் பரவும். ஆகவே பொருளின் தூய்மை அறிந்து பயன்படுத்துவதும், குழந்தைகளுக்குத் தவிர்ப்பதும் நலம்.

இமைநோய்களும் மருத்துவமும்

இமையில் தோன்றும் நோய்களுள் பரவலானது கண்கட்டி. இமை ஓரத்தில் உள்ள சுரப்பியில் நுண்ணுயிரித் தொற்று ஏற்பட்டு, சிவந்து வீங்கி வலிக்கும். நாமக்கட்டியைக் குழைத்துப் பூசுவது நம் ஊர்களில் காணும் வழக்கம். மருத்துவர் பரிந்துரைப்பது வெந்நீர் ஒற்றடம். சூடு தாங்கத்தக்க வெந்நீரில் தூய துணியை நனைத்துப் பிழிந்து, மூடிய இமையின்மேல் பத்து நிமிடம் வைக்க வேண்டும். நாளுக்கு மூன்று நான்கு முறை இவ்வாறு செய்தால் பெரும்பாலான கட்டிகள் சில நாள்களில் தாமே உடைந்து ஆறும். கட்டியைப் பிதுக்குதல் கூடாது, தொற்று பரவும். அடிக்கடி கட்டி வருவோர் நீரிழிவு உள்ளதா எனச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

மெய்போமியன் சுரப்பியின் வாய் அடைபட்டு எண்ணெய் உள்ளே தேங்கினால், வலியில்லாத உருண்டைக் கட்டி தோன்றும். ஒற்றடத்தால் கரையாவிடில் இமையின் உட்புறமாகக் கீறி அதனை அகற்றுவர். வெளியில் தழும்பு தெரியாது. முதியவருக்கு ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் இக்கட்டி வந்தால் திசுச் சோதனை தேவை. எண்ணெய்ச் சுரப்பியில் தோன்றும் புற்றுநோய் எளிய கட்டிபோல் தோற்றமளித்து ஏமாற்றக்கூடியது.

இமை ஓரம் சிவந்து, இமைமயிரின் அடியில் பொடுகுபோல் செதில் படிவது இமை அழற்சி. காலையில் கண்ணில் பீளை கட்டி இமைகள் ஒட்டிக்கொள்ளும். இது நாள்பட்ட நோய். ஒரே நாளில் நீங்காது. நாள்தோறும் ஒற்றடம் இட்டு, இமை ஓரத்தைத் தூய்மை செய்வதே இதற்கு மருத்துவம்.

இமையின் விளிம்பு உள்நோக்கி மடிந்தால் மயிர்கள் கருவிழியை உராயும். முதுமையில் தசை தளர்வதாலும், ட்ரக்கோமா என்னும் தொற்றுநோய் விட்டுச்செல்லும் தழும்பாலும் இது நேரும். ஒவ்வோர் இமைப்பிலும் கருவிழி கீறப்படுவதால் காக்க வேண்டிய இமையே கண்ணைக் கெடுக்கிறது. அறுவை மருத்துவத்தால் இமையின் நிலையைத் திருத்தலாம். ஒரு காலத்தில் இந்தியாவில் பார்வையிழப்புக்குப் பெருங்காரணமாக இருந்த ட்ரக்கோமா, பொதுநலச் சிக்கல் என்னும் நிலையிலிருந்து நீங்கியதாக உலக நலவாழ்வு நிறுவனம் 2024ஆம் ஆண்டு அக்டோபரில் அறிவித்தது.

மேலிமை உயர இயலாமல் தாழ்ந்திருப்பது இமைச்சரிவு. சில குழந்தைகளுக்கு இது பிறவியிலேயே உண்டு. இதை அழகுக் குறையாக மட்டும் கருதி வளர்ந்தபின் பார்க்கலாம் எனத் தள்ளிப்போடுவது தவறு. தாழ்ந்த இமை பார்வையை மறைத்தால், அக்கண்ணிலிருந்து தெளிவான காட்சியைப் பெற மூளை பழகாமற்போகும். பின்னர் இமையை உயர்த்தினாலும் பார்வை முழுமையாகத் திரும்பாது. வளர்ந்தவருக்கு இமை திடீரெனச் சரிந்து, தலைவலியோ இரட்டைப் பார்வையோ உடன் தோன்றினால் அது அவசர நிலை. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இமைக்க இயலாத கண்கள்

இமையைத் திறக்க இயலாமை பார்வையை மறைக்கும். மூட இயலாமை பார்வையை அழிக்கும். இதனை வேலூர் வட்டாரத்தின் மருத்துவ வரலாறு காட்டுகிறது.

தொழுநோயை உண்டாக்கும் நுண்ணுயிரியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873ஆம் ஆண்டு கண்டறிந்தார். அது தோலையும், தோலுக்கு அருகே செல்லும் நரம்புகளையும் தாக்கும். முகநரம்பின் கிளை கெட்டால் வளையத்தசை செயலிழக்கும். இமையை உயர்த்தும் தசைக்கு வேறு நரம்பு உள்ளதால் அது குன்றாது. எனவே கண் இரவும் பகலும் திறந்தே இருக்கும். முயல் கண் மூடாமல் உறங்கும் என்னும் பழைய நம்பிக்கையால் கிரேக்கர் இந்நிலைக்கு ‘முயற்கண்’ என்று பொருள்படும் பெயரிட்டனர்.

இதனுடன் கருவிழியின் உணர்வு நரம்பும் பாதிக்கப்பட்டால் கேடு இருமடங்காகும். தூசி விழுந்தாலும் வலி தெரியாது. வலி தெரியாமையால் இமைக்கவும் தோன்றாது. உலர்ந்த கருவிழி புண்ணாகி வெண்மை படரும். தொழுநோயால் கைவிரலின் உணர்வை இழந்தவர், ஒரு பொருள் சூடானதா, கூரியதா என்பதைக் கண்ணால் கண்டே அறிந்து தம் கையைக் காத்துக்கொள்கிறார். அவருக்குப் பார்வையும் போனால் தொடுவதற்குக் கையும் இல்லை; காண்பதற்குக் கண்ணும் இல்லை.

அமெரிக்கரான ஐடா ஸ்கடர் 1900ஆம் ஆண்டு ஒரே படுக்கையுடன் தொடங்கிய மருத்துவப் பணியே வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. கொல்லிமலையில் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946ஆம் ஆண்டு அங்குப் பணியேற்றார். தொழுநோயரைப் பொது மருத்துவமனைகள் ஏற்கத் தயங்கிய காலம் அது. அவர்களின் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை முறைகளை அவர் உருவாக்கினார். அவருடைய துணைவியார் மார்கரெட் பிராண்ட் கண் மருத்துவத்தில் ஈடுபட்டுத் தொழுநோயரின் கண்களைக் காப்பதைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டார். காட்பாடியை அடுத்த கரிகிரியில் 1955ஆம் ஆண்டு தோன்றிய ஷெஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இப்பணிக்கு வலுவூட்டியது.

மூடாத கண்ணை மூடச்செய்ய அவர்கள் கையாண்ட அறுவை முறை வியப்புக்குரியது. உணவை மெல்லும்போது நெற்றிப்பொட்டில் அசையும் தசையின் ஒரு கீற்றைப் பிரித்தெடுத்து, அதன் நீட்சியை இரண்டாகப் பிளந்து, மேலிமையினூடும் கீழிமையினூடும் செலுத்தி, கண்ணின் உள்மூலையில் பொருத்துவர். அத்தசையை இயக்குவது முகநரம்பு அன்று. தொழுநோய் கெடுக்காத வேறொரு நரம்புக்கிளை. எனவே பல்லைக் கடித்தால் இமைகள் நெருங்கி மூடும். உணவுண்ணும்போது கண்கள் தாமே இமைக்கும். மற்ற நேரங்களில் பல்லைக் கடித்து இமைக்க வேண்டும் என்பதை நோயர் இடைவிடாது நினைவிற்கொண்டு பழகியாக வேண்டும். பிறர் எண்ணாமலே செய்யும் ஒரு செயலை அவர்கள் எண்ணி எண்ணிச் செய்தனர். அறுவை பாதி, பயிற்சி பாதி என்றே அதனைக் கூற வேண்டும். இவ்வறுவைக்கு இயலாதோர்க்கு இமைகளின் வெளியோரத்தைச் சிறிது தைத்துத் திறப்பைக் குறுக்குவதும் உண்டு.

1981ஆம் ஆண்டு உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வுக்குழு பரிந்துரைத்த கூட்டு மருந்து முறை, தொழுநோயை ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்களில் குணமாக்குகிறது. இம்மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. உணர்வற்ற தேமலை மறைக்காமல் தொடக்கத்திலேயே காட்டினால் நரம்பும் கெடாது, இமையும் ஓயாது. நோயைவிட அதனைச் சூழ்ந்த நாணமும் அச்சமுமே பலருடைய பார்வையைப் பறித்தன.

முகநரம்பு வேறு காரணங்களாலும் செயலிழக்கலாம். ஒருநாள் காலையில் முகத்தின் ஒருபுறம் கோணி, அப்பக்கக் கண் மூடாமற்போகும் முகவாதம் எவ்வயதினருக்கும் வரக்கூடும். பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ குணமடைவர். அதுவரை செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தும், இரவில் இமையை மூடி ஒட்டும் மருத்துவ ஒட்டுநாடாவும் கருவிழியைக் காக்கும்.

இமையைக் காத்தல்

இமைநோய்களில் பெரும்பாலானவை தூய்மையாலும் ஒற்றடத்தாலும் காலந்தாழ்த்தாத மருத்துவத்தாலும் நீங்குவன. மருத்துவரின் அறிவுரையின்றிக் கடையில் வாங்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து, சிவப்பை உடனே குறைத்தாலும், தொடர்ந்து பயன்படுத்தினால் கண்ணின் அழுத்தத்தைக் கூட்டிப் பார்வை நரம்பைக் கெடுக்கும். இமை வீக்கத்துடன் காய்ச்சலும், கண்ணை அசைக்கும்போது வலியும் இருந்தால் ஒருநாளும் தாமதிக்கலாகாது.

இமை தன் பணியை அறிவித்துக்கொள்வதில்லை. நாளுக்குப் பதினாயிரம் முறைக்குமேல் அது ஆற்றும் தொண்டு, அது நின்ற பிறகே பலருக்குப் புலனாகிறது. கண்ணை இமை காக்கிறது. இமையைக் காப்பது மனிதரின் கடன்.

தெரிந்து தெளிவோம்

பிறந்த குழந்தை நிமிடத்திற்கு ஏறத்தாழ இரண்டு முறையே இமைக்கும். வளர வளர இமைப்பு மிகும். சித்த மருத்துவ மரபு கண்நோய்களைத் தொண்ணூற்றாறு என வகைப்படுத்துகிறது. சுசுருத சங்கிதை இமையில் தோன்றும் நோய்களை மட்டும் இருபத்தொன்று எனக் கூறுகிறது.

கற்பவை கற்றபின்

1. ‘இமை’ என்னும் சொல்லை அடியாகக் கொண்ட தொடர்களையும் பழமொழிகளையும் தொகுத்து, அவற்றின் பொருளை உடலியல் செய்திகளோடு ஒப்பிட்டு எழுதுக.

2. நூல் படிக்கும்போதும் உரையாடும்போதும் நண்பர் ஒருவர் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை இமைக்கிறார் என எண்ணி, வேறுபாட்டிற்கான காரணத்தை வகுப்பில் விளக்குக.

3. உங்கள் ஊரிலுள்ள ஒரு தொழிற்கூடத்தில் கண்ணுக்கு நேரக்கூடிய இடர்களையும் பாதுகாப்பு முறைகளையும் கேட்டறிந்து, தொழிலாளர்களுக்குப் பயன்படும் அறிவிப்புப் பலகை ஒன்றை உருவாக்குக.